வரிப்பந்தும் மிச்ச நூலும்

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் அரிசிச் சாக்கு நிறைய நூல் இருந்தது. எல்லாம் கோன் அடிநூல். பனியன் கம்பெனியில் ஒரு கலர் ஆர்டர் முடியும்போது கோனின் அடியில் கொஞ்சம் நூல் மிஞ்சும். அடுத்த ஆர்டருக்கு அதே கலர் வராது, வந்தாலும் ஷேடு ஒத்துப்போகாது. வேஸ்ட்டில் போகும் அதைச் செக்கிங்கில் வேலை பார்த்த அம்மா கேட்டு வாங்கி, சோற்றுப் போசி வைக்கும் பையில் போட்டுக் கொண்டுவருவார். எதற்கென்று கேட்டால் பதில் இருக்காது. "நூலு சாமி. அதைப் போய் எப்படிக் குப்பையில போடறது?" அவ்வளவுதான். பத்தொன்பது வருடச் சேமிப்பு.

எங்கள் ஊர் திருமுருகன்பூண்டி. திருப்பூரிலிருந்து அவினாசி போகும் ரோட்டில் இருக்கிறது. உள்ளூரில் வெறும் பூண்டிதான். ரோட்டோரம் சிற்பிகளின் பட்டறைகள். உளிச்சத்தமும் கல்தூளும். சந்துக்குள் நுழைந்தால் ஓவர்லாக் மெஷின் சத்தமும் பஞ்சுத்தூளும். இரண்டு தூளையும் சுவாசித்து வளர்ந்தவன் நான். இன்ஜினியரிங் படித்து மென்பொருள் வேலைக்குப் போனதால் கைவேலை எதுவும் தெரியாமலேயே முப்பதைத் தாண்டிவிட்டேன். அப்பா ஓவர்லாக் டெய்லர். எனக்குச் சட்டைப் பொத்தான் வைக்கத் தெரியாது.

2018இல் வேலை நிமித்தம் சில மாதங்கள் ஜப்பானில் இருந்தேன். ஒரு விடுமுறை நாளில் மட்சுமோட்டோவின் புகழ்பெற்ற கறுப்புக் கோட்டையைப் பார்க்கப் போனபோது, கோட்டைக்கு முன்னால் என் கண்ணில் பட்டது தெருவிலிருந்த சாக்கடை மூடி. இரும்பு மூடியில் வட்ட வட்டமாகப் பந்துகள். பந்துகளின் மேல் பூவும் நட்சத்திரமுமாகக் கோடுகள். அந்த ஊரின் அடையாளம் அது. கடையில் போய்ப் பார்த்தபோது அந்தப் பந்துகள் நிஜமாகவே இருந்தன. நூலால் சுற்றி நூலால் தைத்தவை. பெயர் தெமாரி. ‘தெ’ என்றால் கை, ‘மாரி’ என்றால் பந்து. அப்படியே தமிழாக்கினால் கைப்பந்து. நம் ஊரில் அந்தப் பெயரை வாலிபால் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒன்றை விலை கேட்டேன். அம்மாவின் அந்தக் கால வாரக்கூலியைவிட அதிகம். வாங்காமல் திரும்பிவிட்டேன். ஆனால் பரணில் இருந்த சாக்கு ஞாபகத்துக்கு வந்தது.

*

தெமாரியின் கதையில் முதலில் வருவது நூல் இல்லை, தோல். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் பந்து விளையாட்டு ஒன்று போனது. அரசவை ஆண்கள் மான்தோல் பந்தைக் கீழே விழாமல் காலால் உதைத்து ஒருவருக்கொருவர் தள்ளும் ஆட்டம். அதன் பெயர் கெமாரி. கையால் ஆடும் பந்து பெண்கள், குழந்தைகள் பக்கம் வளர்ந்தது. கிழிந்த கிமோனோத் துணியைச் சுருட்டி, மேலே நூலைச் சுற்றி, பிரிந்துவிடாமல் இருக்க நாலு தையல் போட்டார்கள். பிரியாமல் இருக்கப் போட்ட தையல் மெல்ல மெல்ல அலங்காரமாகிவிட்டது.

இந்தக் கதையில் பெரிய திருப்பம் பருத்தி. எடோ காலம் எனப்படும் 1603 முதல் 1868 வரையிலான காலத்தில் ஜப்பானில் பருத்திச் சாகுபடி பரவியது. பட்டு நூல் அரண்மனைக்கு மட்டும் கட்டுப்படியான பொருள். பருத்தி நூல் சாதாரண வீட்டுக்கும் எட்டியது. லேசான உட்கருவின் மேல் பருத்தி நூலை இறுக்கிச் சுற்றினால் பந்து எழும்பும். அப்படித்தான் நூல்பந்து நிஜமான விளையாட்டுப் பந்தானது. சிறுமிகள் பாட்டுப் பாடிக்கொண்டே தரையில் தட்டி எண்ணினார்கள். குமமோட்டோ என்ற ஊரைப் பற்றிய பந்துப்பாட்டு ஒன்று இன்றும் அங்கே எல்லாக் குழந்தைக்கும் தெரியும். எந்த ஊர் நீ என்ற கேள்வியில் தொடங்கி, காட்டு விலங்கு ஒன்றைச் சுட்டுச் சமைப்பதில் முடிகிற வேடிக்கைப் பாட்டு. 1831இல் இறந்த ரியோகான் என்ற ஜென் துறவி, அங்கியின் கைக்குள் தெமாரியை வைத்துக்கொண்டு பிச்சைக்குப் போகும் வழியில் குழந்தைகளோடு ஆடிக்கொண்டிருந்ததைப் பற்றிக் கவிதைகள் எழுதியிருக்கிறார்.

ஊருக்கு ஒரு பாணி வந்தது. சிக்கோகு தீவின் ககாவாவில் உமியை உட்கருவாக வைத்து, செடிச்சாயம் தோய்த்த பருத்தி நூலால் தைப்பார்கள். வடக்கே ஹொன்ஜோவில் பந்தின் மூன்று பக்கம் குஞ்சம் தொங்கும். கனசாவா பக்கத்தில் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குப் பந்து கொடுத்து அனுப்புவது வழக்கம்.

அப்புறம் ரப்பர் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரப்பர் பந்து கடைக்கு வந்ததும் ஆட்டத்துக்கு நூல்பந்து தேவையில்லாமல் போனது. அது ஜப்பானிலும் கிட்டத்தட்ட அழிந்துபோன பொருள்தான். ஜப்பான்காரர்கள் பழசு எதையும் விடமாட்டார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படியெல்லாம் இல்லை. வீட்டுக் கிழவிகளின் கையில் மட்டும் மிஞ்சியிருந்ததை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிலர் தேடிப்போய்க் கேட்டு, வரைந்து, புத்தகமாக்கி, வகுப்பெடுத்து மீட்டார்கள். தட்டி விளையாட அல்ல, பரிசாகக் கொடுக்க, அலமாரியில் வைக்க. சாக்கடை மூடியில் வருவதெல்லாம் அதற்குப் பிறகு.

*

2020இல் ஊரடங்கு வந்தது. லேப்டாப்போடு பூண்டிக்கே வந்துவிட்டோம். கம்பெனிகள் மூடிக்கிடந்தன. மெஷின் சத்தம் இல்லாத பூண்டியை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். கல் கொத்தும் சத்தமும் இல்லை. பகலில் மயில் அகவுவது வீட்டுக்குள் கேட்டது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு ஏதாவது செய்து தரலாமென்று பரணிலிருந்து சாக்கை இறக்கினேன். வீடியோக்களைப் பார்த்து முதல் தெமாரியைத் தொடங்கினேன். ரைஸ் மில்லில் வாங்கிய உமியைப் பழைய பனியன் துணியில் பொட்டலமாகக் கட்டி, மேலே நூலைச் சுற்ற ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் அது கோழிமுட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, ஒரே பக்கமாச் சுத்துனா முட்டையாட்டந்தான் வரும். திருப்பித் திருப்பிச் சுத்தோணும். குடு இங்க."

பந்து உருண்டையாக வருவதன் சூத்திரமே அதுதான். ஒரே திசையில் சுற்றினால் நூல் ஒரே இடத்தில் ஏறி மேடாகும். ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தைக் கொஞ்சம் திருப்பி, எந்த இரண்டு சுற்றும் ஒரே பாதையில் போகாமல் பார்த்துக்கொண்டால் மேடுபள்ளம் தானாகச் சமன்படும். ஒழுங்கான உருண்டை ஒழுங்கற்ற சுற்றலால்தான் கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் சீரற்ற எண்களைக் கொண்டு துல்லியமான விடையை நெருங்கும் கணக்குமுறைகள் உண்டு. நான் அதைக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் படித்தேன். அம்மா பெருவிரலால் பந்தைத் தடவி, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே இரண்டு சுற்று கூடுதலாகக் கொடுத்தார். இருபது நிமிடத்தில் பந்து உருண்டையாகிவிட்டது.

அடுத்த வேலை பந்தைப் பிரிப்பது. அதற்கு ஒரு காகிதப் பட்டையும் நாலு குண்டூசியும் போதும். ஓரிடத்தில் ஊசி குத்து. அது வடதுருவம். அங்கிருந்து பந்தைச் சுற்றிப் பட்டையை எடுத்து, ஒரு முழுச் சுற்றில் வெட்டு. பாதியாக மடித்தால் தென்துருவம் எங்கே என்று தெரியும். கால்பாகமாக மடித்தால் பூமத்திய ரேகை. அதை எட்டாகவோ பத்தாகவோ பிரித்து ஊசி குத்தி, ஊசிக்கு ஊசி வழிகாட்டி நூல் இழுத்தால், ஆரஞ்சுச் சுளை போலப் பந்து பிரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுளைக்கோட்டிலும் ஊசியால் நூனி நூனியாகக் குத்தியெடுத்து, மேலும் கீழும் மாறி மாறிப் போனால், இரண்டாவது சுற்றில் ஒரு சாமந்திப்பூ தெரிய ஆரம்பிக்கும்.

என்னை மிரள வைத்தது இதற்கு அடுத்த நிலைப் பிரிப்பு. பந்தின் மேல் பன்னிரண்டு புள்ளிகளைச் சம தூரத்தில் வைக்க வேண்டும். இருபது முக்கோண முகங்கள் கொண்ட கனவடிவத்தின் பன்னிரண்டு முனைகள் அவை. நான் கற்ற முறையில் இதற்குக் கோணமானி கிடையாது. பந்தின் சுற்றளவை ஆறால் வகுத்துவிட்டு, அதோடு சுற்றளவில் நூறில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள். அதுதான் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தூரம். எனக்குச் சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியான கோணம் சுமார் 63.43 பாகை, அதாவது சுற்றளவில் 0.1762 பங்கு. இந்தக் குறுக்குவழி தருவது 0.1767. 25 செ.மீ. சுற்றளவுள்ள பந்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நூலின் தடிமன் அதைவிட அதிகம். இந்தப் புள்ளிகளை வைத்து எல்லா வழிகாட்டிகளையும் இழுத்து முடித்தால் பந்தில் பதினைந்து பெருவட்டங்களும் 120 சின்ன முக்கோணங்களும் வரும். கணித வகுப்பில் கரும்பலகையில் பார்த்த சமச்சீர்மை, உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

அம்மாவுக்கு முக்கோணத்தில் அக்கறை இல்லை. பந்தைத் திருப்பிப் பார்த்தார். "பிசிறு தெரியுது பாரு" என்றார். வாழ்நாள் முழுக்கப் பிசிறு வெட்டிய கை. கத்தரியை எடுத்து நாலு இழையை வெட்டிவிட்டுத்தான் கீழே வைத்தார்.

*

முதல் பந்தின் பெருமிதம் அடங்கியதும் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை நூல் விளைந்த ஊரில் நமக்கு இப்படி ஒரு பந்து இருந்ததில்லையா?

இருந்தது. சங்க இலக்கியத்தில் அதன் பெயர் வரிப்பந்து. வரிதல் என்றால் இறுக்கிக் கட்டுதல். மூங்கிலை வரிந்து கட்டுகிறோமே, அந்த வரிதல். உரைகாரர்கள் நூலால் வரிந்த பந்து என்றே பொருள் சொல்கிறார்கள். வரி என்றால் கோடு என்றும் பொருள் உண்டு. நூல்பந்துக்கு இரண்டும் பொருந்தும்.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு துறைமுகப் பட்டினம் வருகிறது. அங்கே உயர்ந்த மாடங்களில் பெண்கள் வரிப்பந்து ஆடிக் களைத்து, பிறகு மணலில் பொன்னால் செய்த கழங்கு ஆடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றே ஒரு பகுதி உண்டு. பந்தடித்துக்கொண்டே பாடும் பாட்டு. குமமோட்டோச் சிறுமிகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்த அக்காக்கள் இவர்கள். காஞ்சியில் வாழ்ந்த தண்டி சமஸ்கிருதத்தில் எழுதிய தசகுமார சரிதத்திலும் இளவரசி ஒருத்தி பந்தாடுவது விரிவாக வருகிறது. தேவாரத்தில் அம்மனே பந்தாடுகிற விரல்களை உடையவள். கும்பகோணத்தை அடுத்த கொட்டையூரில் அம்மனுக்குப் பெயரே பந்தாடுநாயகி.

என்னை உலுக்கியவை நற்றிணையில் கயமனார் எழுதிய இரண்டு பாட்டுகள். பன்னிரண்டாம் பாட்டில் ஒரு பெண் விடியும் முன்னே காதலனோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். சத்தம் கேட்டுவிடும் என்று சிலம்பைக் கழற்றுகிறாள். அதைத் தன் வரிப்பந்தோடு சேர்த்து வைக்கும்போது, இதைப் பார்க்கும்போதெல்லாம் தோழிகள் வருந்துவார்களே என்று நினைத்து அழுதுவிடுகிறாள். 305ஆம் பாட்டு அவள் போன பிறகு. வீட்டில் தாய் தனியாக இருக்கிறாள். கோடு போட்ட பந்து கிடக்கிறது, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் வயலைக்கொடி வாடிக் கிடக்கிறது. அந்தப் பந்து ஒரு விளையாட்டுச் சாமான் மட்டுமில்லை. வீட்டைவிட்டுப் போன பெண்ணின் இடத்தில் அது இருக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு குறை இருந்தது. இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு நண்பரிடம் ஆவேசமாகப் பேசினேன். நம் கவிஞர்கள் பந்தைப் பார்க்கவே இல்லை, பந்தாடும் பெண்ணைத்தான் பார்த்தார்கள். வளை குலுங்கியது, கூந்தல் அவிழ்ந்தது, இடை துவண்டது. பந்து எதனால் செய்தது, யார் செய்தது, எப்படித் தைத்தார்கள் என்று ஒருவராவது எழுதினாரா? அதனால்தான் ஜப்பானில் பந்து மிஞ்சியது, நம்மிடம் சொல் மட்டும் மிஞ்சியது என்று முடித்தேன். கைதட்டல் வாங்கக்கூடிய வாதம். தப்பான வாதம்.

*

நண்பர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "பெருங்கதை படிச்சிருக்கியா? உங்க ஊர்க்காரர் எழுதுனதுதான்" என்றார்.

படித்ததில்லை. பெருங்கதையை எழுதியவர் கொங்குவேளிர். விசயமங்கலத்துக்காரர் என்பது மரபு. பூண்டியிலிருந்து கோவை - சேலம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே பழைய சமணக் கோயில் ஒன்று இன்றும் இருக்கிறது. குணாட்டியர் பைசாச மொழியில் எழுதியதாகச் சொல்லப்படும் பிருகத்கதையின் வழியில் வந்த உதயணன் கதை இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காப்பியம். உ.வே. சாமிநாதையர் ஏட்டிலிருந்து எடுத்து 1924இல் பதிப்பித்தபோதே முதலும் கடைசியும் இல்லை. கிடைத்தது நடுப்பகுதி.

அந்த நடுப்பகுதியில், வத்தவ காண்டத்தில், ‘பந்தடி கண்டது’ என்று ஒரு பகுதி. அரண்மனைப் பெண்கள் போட்டி போட்டுப் பந்தடிக்கிறார்கள். யார் அதிகம் அடிப்பது என்று ஆயிரங்களில் எண்ணிக்கை போகிறது. மானனீகை என்பவள் எல்லோரையும் மிஞ்சுகிறாள். உதயணன் மறைந்திருந்து பார்த்து மனதைப் பறிகொடுக்கிறான். இதுவரை வழக்கமான கதைதான். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன் கொங்குவேளிர் நிதானமாக நின்று பந்தைப் பார்க்கிறார். எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது.

உள்ளே வைக்க நெட்டியும் பூளைப்பஞ்சும் பட்டுப்பூச்சிக் கூடும். அவற்றை அமுக்கித் திரட்டுகிறார்கள். அதன்மேல் மயில் பீலியும் மயிரும் கொண்டு பிணைக்கிறார்கள். பிறகு நூலாலும் கயிற்றாலும் நுட்பமாகச் சுற்றுகிறார்கள். கடைசியாக அலங்காரம். அதற்கு மூன்று உவமை தருகிறார்: பாம்பின் தோல், மயில் தோகையின் கண், ஓடும் நீரின் நுரை. இந்தக் கோலங்களைப் பந்தின் மேல் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதற்கு அவர் போடும் வினைச்சொல் ‘குத்தி’. ஊசி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் நூல் சுற்றிய பந்தின் மேல் செதிலும் கண்ணும் நுரையுமாக எதைக்கொண்டு குத்துவது? மூன்று தெமாரி தைத்தவன் என்ற அதிகாரத்தில் சொல்கிறேன், எனக்கு அது தையலாகத்தான் படுகிறது.

உட்கருவைக் கவனியுங்கள். மூன்றும் எடையில்லாத, அமுக்கினால் திரும்ப எழும்புகிற பொருள்கள். பந்து துள்ள வேண்டும், கை வலிக்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் தட்ட வேண்டுமே. மேலே பீலியும் மயிரும் பிணைப்புக்கு. அதற்கும் மேலே நூல் இறுக்கத்துக்கு. கிரிக்கெட் பந்தைப் பிளந்தால் இன்றைக்கும் தக்கைக்கு மேல் இறுகச் சுற்றிய நூல்தான் இருக்கும். பேஸ்பால் பந்திலும் தோலுக்குக் கீழே சுற்றுச் சுற்றாகக் கம்பளி நூல். துள்ளும் உட்கரு, இறுக்கும் நூல், மேலே தையல் என்ற கட்டுமானத்தை விசயமங்கலத்துக் கவிஞர் வரிசை மாறாமல் எழுதிவைத்திருக்கிறார். யாரோ ஒரு பெண் பந்து செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் இதை எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம். ஒருவேளை அவருடைய அம்மாவோ அக்காவோ.

நண்பருக்கு போன் பண்ணி என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

*

அப்படியென்றால் ஏன் தொலைந்தது? எழுதப்படாததால் இல்லை. எழுதப்பட்டும் தொலைந்திருக்கிறது.

என் பதில் இது. நூல்பந்துக்கு இரண்டு மிச்சம் வேண்டும். மிச்ச நூல், மிச்ச நேரம். எடோ மாளிகைப் பெண்களிடம் இரண்டும் இருந்தன. பெருங்கதையின் அரண்மனையிலும் இரண்டும் இருந்தன. சாதாரண வீட்டில் இந்த இரண்டும் சேர்வது அபூர்வம்.

கொங்கு நாட்டில் நூலுக்குப் பஞ்சமே வந்ததில்லை. பூண்டிக் கோயில் கதையே ஒருவகையில் துணிக்கதைதான். சேரமான் பெருமாளிடம் பொன்னும் பட்டும் வாங்கிக்கொண்டு வந்த சுந்தரரை இங்கே வேடர்கள் வழிமறித்துப் பறித்தார்கள், வந்தவர்கள் சிவனின் பூதகணங்கள் என்பது தலபுராணம். சுந்தரரின் பூண்டிப் பதிகத்தில் திருடர்கள் பறிப்பது உடுத்தியிருக்கும் கூறையை. இப்படிப்பட்ட ஊரில் உனக்கென்ன வேலை என்று கடவுளையே அவர் கேட்கிறார். துணி என்பது வழிப்பறி செய்யும் அளவுக்கு மதிப்பான பொருளாக இருந்த காலம். துணி அப்படியென்றால் பந்து சுற்ற எந்த வீட்டில் நூல் மிஞ்சும்?

1920களில் திருப்பூர் கதர் நகரமானது. 1925இல் அகில பாரத சர்க்கா சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு ராஜாஜி திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். சுற்றுவட்டக் கிராமங்களில் பெண்கள் ராட்டை சுற்றினார்கள். மழை பொய்த்தால் மாதக்கணக்கில் காட்டில் வேலை இருக்காது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தைக் கூலியாக மாற்றுவதுதான் கதரின் பொருளாதார வாதம். மிச்ச நேரம் இருந்தது, அது சிட்டமாகி, எடை போடப்பட்டு, காசாகியது. பசித்த வீட்டில் அது பெரிய விஷயம். அம்மாவின் பாட்டி அப்படி நூற்றவர். நூலைக் கொடுத்துவிட்டுத் துணி வாங்கிவருவாராம். ஒரு முழம் நூலைக்கூடப் பேரப்பிள்ளைகள் தொட விடமாட்டாராம்.

1932 ஜனவரியில் குமரன் கொடியைப் பிடித்தபடி அடிபட்டுச் செத்த ஊர் இது. கொஞ்ச காலத்தில் ராட்டையின் இடத்துக்குப் பின்னல் மெஷின் வந்தது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-சர்ட் தேடி வந்ததிலிருந்து ஏற்றுமதிக் காலம். அதற்குப் பிறகு நூல் மலைபோல் குவிந்தது. கட்டிங் வேஸ்ட், கோன் வேஸ்ட், பிசிறு என்று மிச்சத்துக்கே தனிச் சந்தை வந்தது. அந்த வேஸ்ட்டை மறுபடி பஞ்சாக அடித்து நூலாக்கும் மில்கள் இந்தப் பக்கம் ஏராளம். ஆனால் இப்போது நேரம் இல்லை. ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், ஷிப்மென்ட் சமயத்தில் விடியவிடிய. வேலை இல்லாத நாளில் வீட்டுக்குக் கட்டுக்கட்டாகப் பீஸ் வரும், பிசிறு வெட்டித் தர. பீஸுக்கு இத்தனை பைசா. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து வெட்டியிருக்கிறேன்.

அம்மா நூலைச் சேர்த்த பத்தொன்பது வருடமும் எதற்கென்று அவருக்கே தெரியாது. இப்போது எனக்குத் தோன்றுகிறது: நேரம் வரும்போது நூல் இல்லாமல் போய்விடக் கூடாது என்று சேர்த்திருக்கிறார். அந்த நேரம் ஒரு கொள்ளைநோய் வந்து ஊரையே பூட்டியபோதுதான் வந்தது. கையில் காசில்லாத, பயம் நிறைந்த நேரம். பந்துக்கு ஏற்ற ஓய்வு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மா சும்மா உட்கார்ந்து நூல் சுற்றியதை நான் பார்த்தது அப்போதுதான்.

*

கொங்குவேளிரின் பந்தைச் செய்து பார்க்க முடிவு செய்தோம். பூளைப்பஞ்சுக்குப் பதில் பழைய தலையணையிலிருந்து இலவம்பஞ்சு. உடுமலைப்பேட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நிறைய, ஒரு நண்பர் நாலு கூடு கொண்டுவந்து கொடுத்தார். நெட்டி கிடைக்கவில்லை, அதை விட்டுவிட்டோம். மயிருக்கு அம்மா தன் பழைய சவரிமுடியை எடுத்துவந்தார். மகள் "உவ்வே" என்று ஓடிப்போனாள். "போடி, உங்கப்பன் கல்யாணத்துக்கு வெச்ச சவுரிடி இது" என்றபடியே அம்மா அதைப் பஞ்சின்மேல் சுற்றினார்.

நூலைத் தொட்டே தரம் பிரித்தார். "இது பாலி, வழுக்கும். இது காட்டன், முப்பதாம் நம்பரு. அடியில இதைச் சுத்தலாம்." பச்சையும் நீலமும் எடுத்து மயில்கண் வைக்கலாம் என்று நான் பிரிப்புக்கோடு போட்டுக் கொடுத்தேன். தைத்தது அவர். பந்தடிக்குப் போட்ட கோடுகளில் பாதியை அவர் மதிக்கவில்லை. ஆனாலும் கண் வந்துவிட்டது.

சிமெண்ட் தரையில் போட்டால் முழங்கால் உயரம் எழும்பியது. உமிப் பந்தைவிட நன்றாகவே துள்ளியது. மகள் விடாமல் தட்டியதில் அதிகபட்சம் பதினான்கு. மானனீகையின் கணக்கில் இது எந்த மூலைக்கு?

2023இல் ஆபீஸுக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். பெங்களூரில் வீடு பார்த்து, ஸ்கூல் சேர்த்து, சாமான் கட்டினோம். அம்மா வர மறுத்துவிட்டார். கம்பெனி இல்லாவிட்டாலும் பூண்டிதான் என்றார். கார் கிளம்பும் நேரத்தில் மகள் திடீரென்று இறங்கி உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. நான் கேட்கவில்லை. ஓசூர் தாண்டியதும் அவளே சொன்னாள்: "பந்தை டிவி மேல வெச்சுட்டு வந்துட்டேன். அப்பத்தாளுக்குப் போரடிக்குமில்ல?"

நற்றிணைப் பெண்ணை அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் போனில் அம்மாவிடம் கேட்டேன், பந்து இருக்கிறதா என்று.

"இருக்குது. தொடைச்சுத் தொடைச்சு மேல நாலு பிசிறு கெளம்பிருச்சு. நேத்துத்தான் வெட்டி உட்டேன்."